ஒரு செக்கன்

தலவாக்கலையில், லிந்துலைப் பக்கம் பிரிகிற ரோட்டில்
அசங்கவின் ஓட்டோ கராஜ்.
ஆறு மணிக்குப் பிறகு
ஜாக்கியில் நிற்கிற வண்டிக்குப் பக்கத்தில்
எண்ணெய்ச் சாக்கை விரித்தால் மேடை.

முதல் பெயர் 'ப்ளட் தண்டர்'.
இரத்தம் இல்லை, இடி நிறைய.
சித்திரை மாதத்து இடி,
தகரத்தில் விழுந்து எங்களை மூடிவிடும்.
கெல்வினுக்கு மூன்று பிடி தெரியும்,
மூன்றாவதை அவன் விரல் தேடி எடுக்கும்வரை
எல்லோரும் காத்திருப்போம்.
எனக்கு இரண்டு கம்பி அறுந்த கிட்டார்;
மிச்சம் நாலையும் தளர்த்திவிட்டு
இதுதான் பேஸ் என்றார்கள், நம்பினேன்.
யசோமலருக்குப் பெயின்ட் வாளிகள்,
சிம்பலுக்கு லொறி ஒன்றின் பிரேக் டிரம்.

வரிகள் இங்கிலீஷ் மாதிரி.
இங்கிலீஷ் இல்லை.
தொண்டையைக் கிழிக்கிற இரண்டு 'யே'க்கு நடுவில்
கெல்வின் விஞ்ஞானப் புத்தகத்தைச் செருகுவான்:
மைட்டோகொண்ட்ரியா, யே.

ஓ.எல். பிரியாவிடையில் ஒன்றரைப் பாட்டு.
அதிபர் மெயின் சுவிட்சை இறக்கினார்.
இருட்டிலும் யசோ நிறுத்தவில்லை.
வாளிக்குக் கரண்ட் எதற்கு?
விசாரணைக் கடிதம் அவள் வீட்டுக்கு மட்டும் போனது.

இரண்டாவது பெயர் 'டஸ்ட் நம்பர் வன்'.
பொடிசுதான், ஆனா கடுசா ஊறும் என்றாள் யசோ.
திருவிழாவில் தேர் மேல் டிவிசனுக்குப் போய்த் திரும்பும்வரை
நாற்பது நிமிசம் தந்தார்கள்.
எங்கள் சொந்தப் பாட்டுக்கு
ஒரு நாய் எழும்பிப் போனது.
கோபத்தில் ஒரு சினிமாப் பாட்டை
இரட்டை வேகத்தில் அடித்தோம்.
தோட்டமே ஆடியது.
அது வெற்றியா தோல்வியா என்று
நடந்து வந்த நாலு மைலும் சண்டை.
கீபோர்ட் ரிமாஸ் அத்தோடு நின்றான்.
இப்போது நாவலப்பிட்டிக் கல்யாணங்களில் வாசிக்கிறான்,
நன்றாகவே வாசிக்கிறான்.

பிறகு கரண்ட் போன வருசம்.
பெட்ரோல் வரிசை கராஜைத் தாண்டிப் பாலம்வரை.
செத்த பேட்டரி மூன்றைக் கோத்து
அசங்க பத்து நிமிசத்துக்கு உயிர் கொடுப்பான்.
பத்தே நிமிசம் என்றால்
சொல்ல ஏதாவது இருக்க வேண்டும்.

அன்றைக்கு அம்மா தராசடியில் கத்தியிருந்தாள்:
'சாக்குக்கு ரெண்டு, ஈரத்துக்கு மூணு,
மிச்சம் எனக்கா ஒனக்கா?'
அப்படியே கொண்டு வந்து போட்டேன்.
கெல்வின் முதல் தடவையாக 'யே' இல்லாமல் பாடினான்.
வரிசையில் யாரும் நகரவில்லை,
நகர்ந்தால் இடம் போய்விடும்.
ஆனால் கேனில் தட்டினார்கள்.
அரை லீட்டர் மிஞ்சிய கேன் ஒரு சத்தம்,
ஒன்றுமில்லாத கேன் வேறு சத்தம்.

போனில் பதிந்து அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன்.
'நான் கத்துனது அஞ்சு கிலோவுக்கு.
நீங்க எதுக்குக் கத்துறீங்க?'
பதில் தெரியவில்லை.
அந்தக் கேள்வியையும் பாட்டில் சேர்த்தோம்.

கெல்வின் இப்போது டோஹாவில்,
குளிர்க் கிடங்கில் பெட்டி அடுக்குகிறான்.
வெள்ளிக்கிழமை போனில் பாடுவான்.
குரல் ஒரு செக்கன் பிந்தி வரும்.
அவனை முந்தச் சொன்னோம்,
நாங்கள் பிந்திப் பார்த்தோம்,
இரண்டு பாட்டு ஒன்றையொன்று துரத்தியது.
கடைசியில் யசோதான்
ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும்
அடி விழாத ஓர் இடம் விட்டாள்.
அவன் வந்து சேர.

பண்டாரவளையில் கூப்பிட்டவர்கள் பெயர் கேட்டார்கள்.
பெயர் பிறகு என்றோம்.
போஸ்டரில் 'பெயர் பிறகு' என்றே அடித்துவிட்டார்கள்.

இன்றைக்கும் வெள்ளி.
யசோ குச்சியைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள்.
அந்த வெற்றுச் செக்கனுக்குள்
பதுளை மெயில் வளைவில் இழுக்கிறது,
தகரத்தில் மழை,
அசங்கவின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவி
சிமெந்தில் விழுகிறது.

'என்ன விழுந்துச்சி?' என்கிறது போன்.
'பதினாலு' என்கிறான் அசங்க.
குச்சி இறங்குகிறது.