விம்மலுக்கு வரி கிடையாது

வார்சாவில், நிலவறையில் ஒலிப்பதிவுக் கூடம்.
போகுமில் வாசிக்கிறார்.
மெக்சிகோத் தொடர், நூற்று நாற்பதாவது பகுதி.
நாயகி, வில்லி, பாதிரியார், ஆறு வயதுச் சிறுமி
எல்லாருக்கும் ஒரே குரல்,
வானிலை சொல்கிற ஆண்குரல்.

"என்னை விட்டுப் போகாதே."
மழைக்கு வாய்ப்பு உண்டு என்பதுபோலச் சொல்கிறார்.

திரையில் அவள் கேவிக்கேவி அழுகிறாள்.
அதைத் தாழ்த்துவது என் வேலை,
அவர் பேசுகிற மட்டும்.
பேச்சு நின்றதும் மெல்ல ஏற்றுவேன்.
பதினோரு வருடமாக
என் ஆள்காட்டி விரலுக்கடியில்
யார் யாரோ பெண்களின் அழுகை.
தாளில் விம்மலுக்கு வரி கிடையாது.
வரிக்குத்தான் கூலி.

போன செவ்வாய்
தம்பியைப் புதைத்துவிட்டு நேரே வந்தார்,
காலணியில் ஈரமண்.
மூன்றாம் பக்கத்தில் இருந்தது:
"உன் தம்பி பிழைக்கமாட்டான், ரொசால்பா."
நான் பார்த்துவிட்டேன்.
அவர் முன்கூட்டிப் படிப்பதில்லை.

ஒரு செருமல். வாசித்தார்.
மழைக்கு வாய்ப்பு.
நான்தான் விரலை இறக்க மறந்தேன்.
அவர் குரல்மேல்
அவள் அழுகை முழுசாக வந்து விழுந்தது.

"இன்னொரு தடவை எடுப்போமா?"
"இருக்கட்டும், ஹால்ஷ்கா."

ஒளிபரப்பான மறுநாள்
ரொட்டிக்கடையில் அவருக்குப் பின்னால் நின்றேன்.
குரலைக் கேட்டதும் கடைக்காரி
மாவுக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.
"நேற்று நீங்கள் அழுதுவிட்டீர்களே ஐயா."

அவர் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தார்.
இரண்டாம் முறையாக.