பிழை என்றொரு கட்டம்

நான்கே கட்டங்கள்.
தேதி, இடம், பிழை, கையெழுத்து.
முப்பது நாளுக்கு ஒருமுறை நிரப்பியிருந்தால்
மேகத்துக்குள் நுழையலாம்.
நேற்றோடு முப்பது.

இப்போது பன்னிரண்டு தாண்டிப் பதினேழு நிமிடம்.
வடக்கு மெய்ன், பிப்ரவரி.
நானூறு அடிக்கு இறங்கிவிட்டது மேகம்.
செஸ்னாவின் பின்னிருக்கையில் ஐஸ் பெட்டி,
அதற்குள் பதினோரு குழாய் ரத்தம்.
விடிய ஐந்து மணிக்குள்
பாங்கோர் ஆய்வகத்தில் இருக்க வேண்டும்.

தொலைபேசியில் கில்மான்:
"நேற்று வரை நேராக நின்ற முள்
பதினேழு நிமிஷத்தில் கோணிக்கொள்ளுமா, ஓடில்?"
இருமினார்.
"நான் ஒன்றும் சொல்லவில்லை.
பேனா உன் கையில் இருக்கிறது."

பேனா உறைந்திருந்தது.
அக்குளில் வைத்துச் சூடேற்றினேன்.

ஓடுபாதைக்குப் போகும் வழியில், தென்கோடியில்,
தார்மேல் மஞ்சள் வட்டம் ஒன்று உண்டு.
நடுவில் ஓர் அம்பு.
குன்றின்மேல் வெள்ளைக் கூம்போடு நிற்கும்
வி.ஓ.ஆர். நிலையத்தை அது பார்க்கிறது.
வட்டத்துக்குள் நின்று குமிழைத் திருப்பினால்
முள் நடுவுக்கு வரும் இடத்தில்
நூற்றுப்பதினான்கு என்று இருக்க வேண்டும்.

வட்டத்தின்மேல் இன்று முழங்கால் பனி.

லூசியன் பெல்ஃப்ளோர்
பனிவாரி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார்.
இரும்பு பட்டால் மஞ்சள் உரிந்துவிடும்,
கையாலேயே வாரலாம் என்றார்.
"இங்கேயா?"
"இன்னும் இடப்பக்கம்."
"போன வருஷமும் இடப்பக்கம் என்றுதான் சொன்னாய்."
முதலில் அகப்பட்டது ஒற்றைக் கையுறை,
யாருடையதோ.
அப்புறம் மஞ்சள்.

இரண்டாம் பெட்டி: நூற்றுப்பதினாறு.
இரண்டு பாகை. பாதகமில்லை.

முதல் பெட்டி: நூற்றுப்பத்தொன்பது.
குமிழை ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்தேன்.
கண்ணாடியைச் சுண்டினேன்.
நூற்றுப்பத்தொன்பது.
நாலு வரை சட்டம் பொறுக்கும்.

நோட்டைத் திறந்தேன்.
முதல் பெட்டியின் பிழை, மேலிருந்து கீழாக:
ஒன்று. ஒன்று. ஒன்று. ஒன்று.
நூல் பிடித்தாற்போல், என் கையில்.
ஜனவரியில் முள் ஒன்றில் இருந்ததா,
ஒன்றை எதிர்பார்த்த கண்தான் இருந்ததா,
சத்தியம் செய்ய மாட்டேன்.
நவம்பரைப் பற்றிச் செய்வேன்.
அதை நான் எழுதியது
கடை வாசலில், காருக்குள், ஹீட்டர் ஓட,
காபி மூடியைப் பல்லால் திறந்துகொண்டு.
விமானம் இருந்த இடத்துக்கும் எனக்கும்
ஆறு கிலோமீட்டர்.
அந்த ஒன்றை நம்பி
டிசம்பர் வரை ஒன்பது இரவு
மேகத்துக்குள் போயிருக்கிறேன்.

இரண்டாம் பெட்டி ஒன்றே போதும், சட்டப்படி.
ஆனால் அதைப் படித்ததும்
இதே கண்தான்.

லூசியனின் பிக்கப் வண்டியில்
முன்னிருக்கையில் ஐஸ் பெட்டியை வைத்து
பெல்ட் மாட்டினோம்.
ஐந்துக்குள் போய்விடலாம் என்றார்,
மூஸ் மான் குறுக்கே வராவிட்டால்.
கில்மானைக் கூப்பிட்டுச் சொன்னேன்.
நெடுநேரம் இருமினார்.

விமானி இருக்கையில் உட்கார்ந்து,
பனியில் நனைந்த முழங்காலோடு,
தேதி போட்டேன்: இன்றைய தேதி.
இடம்: தென்கோடி வட்டம்.
பிழை: ஐந்து.
அந்த வரிசையில் அது
வேறு ஊர்க்காரன் மாதிரி நின்றது.
கையெழுத்து.

பிறகு நவம்பருக்குத் திரும்பினேன்.
அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது.
ஒற்றைக் கோடு, பக்கத்தில் முதலெழுத்து.
கோட்டுக்கு அடியில் இருப்பதைப்
படிக்க முடிய வேண்டும்.
படிக்க முடிகிறது.

மேலே சரியான எண்ணை எழுத வேண்டுமாம்.
எனக்குத் தெரியாது.
பேனா மறுபடி உறைந்துகொண்டு வந்தது.