பிரிவு 14.3

புதன் இரவு ஒன்பதரைக்கு
கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார் திரு. குவெக்:
"அவரை அனுப்ப எவ்வளவு ஆகும், மிஸ் தமயந்தி?"

நான் கிளப்பின் கணக்கர்.
ஆஃப்சைடு என்றால் என்னவென்று
இன்றுவரை உறுதியாகத் தெரியாது.
ஆனால் பயிற்சியாளர் டிராகோமிரின் ஒப்பந்தம்
இருபத்து மூன்று பக்கமும் மனப்பாடம்.

மார்ச்சில் நான்கு ஆட்டம் தொடர்ந்து வென்ற மயக்கத்தில்,
கேலாங்கில், நண்டு ஓடுகளுக்கு நடுவே,
அதை அடுத்த டிசம்பர்வரை நீட்டிக்
கையெழுத்திட்டவர் இதே குவெக்தான்.
பதினேழாம் பக்கத்தில்
இன்னும் இருக்கிறது மிளகாய்க் குழம்பின் கறை.

மீதம் பதினேழு மாதம்.
மாதம் ஒன்பதாயிரத்து ஐந்நூறு வெள்ளி.
பெருக்கிச் சொன்னேன்:
ஒரு லட்சத்து அறுபத்தோராயிரத்து ஐந்நூறு.
கிளமெண்டி வீட்டு வாடகை தனி.
மகளின் பள்ளிக் கட்டணம் தனி.
பெல்கிரேடுக்கு மூன்று விமானச் சீட்டு, அதுவும் தனி.

"தோட்ட விடுப்பு கொடுத்தால்?"
என்றார் கமிட்டியில் ஒருவர்.
பன்னிரண்டாம் மாடியில் ஏது தோட்டம்.
சும்மா இருக்கவும் அதே சம்பளம்.

பணம் கீழ்த்தளத்து ஜாக்பாட் அறையிலிருந்து வரும்.
குளிருக்குச் சால்வை போர்த்திய ஆன்ட்டிகள்,
ஓய்வுபெற்ற டாக்ஸிக்காரர்கள்.
ஒரு மனிதரை ஊருக்கு அனுப்ப
எத்தனை செர்ரிப்பழங்கள்
வரிசை தப்ப வேண்டும்?

வழக்கறிஞர் ஃபௌசியாதான் கண்டுபிடித்தார்.
பிரிவு 14.3:
பன்னிரண்டாம் ஆட்டம் முடிகையில்
அணி ஆறாம் இடத்துக்குக் கீழே இருந்தால்
மூன்று மாதச் சம்பளம் போதும்.

நாங்கள் ஆறாவது.
ஞாயிறு, பன்னிரண்டாவது ஆட்டம்.
தோற்றால் ஏழு.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஏர்கான் மட்டும் கரகரத்தது.

உட்லண்ட்ஸில் மின்னல் எச்சரிக்கை.
நாற்பது நிமிடம் காத்திருந்து மறுபடி தொடங்கியது.
ஒரு கோல் பின்தங்கியிருந்தோம்.
கமிட்டி வரிசையில் எல்லாரும்
எங்கள் சட்டைதான் போட்டிருந்தார்கள்.
நம் ஆள் பெனால்டியைத் தவறவிட்டதும்
குவெக் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.
விரலிடுக்கில் தெரிந்த முகம்
அவ்வளவாகக் கலங்கவில்லை.

நான் மட்டும் யோக்கியமா?
எண்பதாம் நிமிடத்திலிருந்து
முருகா, இப்படியே முடியட்டும்,
இப்படியே முடியட்டும்.

எண்பத்தெட்டில் ஹைகல்.
தேசிய சேவை முகாமிலிருந்து நேரே வந்தவன்.
மொட்டைத் தலை.
கிளப் தருவது மாதம் ஆயிரத்து முன்னூறு.
கார்னரில் எழும்பினான்,
எல்லாரையும்விட ஒரு முழம் மேலே.
நெற்றியால் முட்டினான்.

ஒரு லட்சத்து முப்பத்து மூவாயிரம் வெள்ளி.
அவனுக்கே அது எட்டரை ஆண்டுச் சம்பளம்.
ஈர நெற்றியில் பட்டு வலைக்குள் போனது.

நான் எழுந்து நின்று கத்தியிருக்கிறேன்.
தொண்டை கட்டிய பிறகுதான் தெரிந்தது.
பக்கத்தில் ஃபௌசியாவும் நின்றுகொண்டிருந்தார்.
ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்தோம்.

திங்கள் காலை டிராகோமிர் அலுவலகம் வந்தார்.
அவருக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம்.
மேசையில் ஒரு ரசீதை வைத்தார்:
மழைக்கு ஒதுங்கியிருந்த பையன்களுக்கு
மைலோ, இருபத்தெட்டுப் பாக்கெட்.
பதினெட்டு வெள்ளி இருபது காசு.

"இது ஒப்பந்தத்தில் வருமா?"

வராது.
முத்திரை குத்தினேன்.
ஒன்பது இரண்டு வெள்ளித் தாள், ஒரு இருபது காசு.
எண்ணிப் பார்க்காமல்
சட்டைப் பையில் வைத்துக்கொண்டு
பயிற்சிக்குப் போனார்.