காரணம் என்ற கட்டம்

மொத்தம் பத்தொன்பது பிள்ளைகள்.
வேதியியல் எடுத்தது இங்கா மட்டும்.
அந்த ஒருத்திக்காகப் பலகை முழுவதையும்
நிரப்புவார் ரவுனா டீச்சர்,
கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில்.

லாப்லாந்தில் டிசம்பர்.
காலை எட்டும் மாலை நாலும் ஒரே கறுப்பு.
சாவிக்கொத்தோடு நான் வரும்போது
கடைசியாய் எரிவது அந்த ஜன்னல்தான்.

இங்காவுக்குக் காய்ச்சல் கண்ட அன்று
"ஹெய்மோ, உட்காருங்கள்" என்றார்.
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தேன்.
முழங்கால் மேசையில் இடித்தது.

வாசற்படிக்கு இருபத்தாறு குளிர்காலமாய்
உப்புத் தூவுகிறவன் நான்.
மைனஸ் முப்பதில் உப்பு கைவிடும்,
சரளைதான் கொட்ட வேண்டும், தெரியும்.
ஏன் என்பது தெரியாது;
கேட்கலாம் என்றும் தோன்றியதில்லை.
சாக்பீஸ் முறிய முறியச் சொன்னார்.
பாதி புரிந்தது.
"மீதி என் கோளாறு" என்று
அழித்துவிட்டு மறுபடி வரைந்தார்.

(கணக்கு சார் தவிஸ்டோதான் பள்ளி வேனும் ஓட்டுகிறார்.
அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.)

மின்கட்டணம் ஏன் கூடியதென்று
நகராட்சியிலிருந்து கடிதம்.
காரணம் என்ற கட்டத்தில்
எழுதி அனுப்பினேன்:
வகுப்பு நடக்கிறது.