முகம் பிறகு

எங்கள் பக்கத்தில் பாதை மிதக்கும்.
குருமண்வெளித் துறையில் ஏறினால்
ஆளும் மோட்டார்சைக்கிளும் கோழித்தீன் மூட்டையுமாய்
வாவியைக் கடந்து மண்டூரில் இறக்கிவிடும்.

ஆறே முக்கால் பாதையில்
என் தோளில் ஒரு பிளெக்ஸ்,
பதினெட்டடிக்குப் பத்தடி,
சுருட்டி இரண்டு இடத்தில் நைலோன் கயிறு.
களுவாஞ்சிகுடிக் கடையில் விடியவிடிய அடித்தது.
மை வாசம் இன்னும் போகவில்லை.

முதலில் மோப்பம் பிடித்தவர் பேரின்பராசா.
"ஆருடா தம்பி? ஆர் கேக்கிறானாம் இந்த முறை?"
தெரியாது என்றேன்.
"அடிச்சவன் நீ. உனக்குத் தெரியாட்டி
கொழும்புக்கும் தெரியாது."

அவ்வளவுதான்,
எஞ்சின் சத்தத்துக்கு மேலால் எல்லோரும் பேசினார்கள்.

தலைவரின் மருமகன்தானாம்.
போன வெள்ளிக்கிழமை மீசையை எடுத்துவிட்டானாம்,
முப்பது வருஷ மீசையை ஒருத்தன் சும்மா எடுப்பானா?
இல்லையில்லை, முன்னாள் ஜெனரல்.
மண்டூர்க் கோயிலில் சேட்டைக் கழற்றி
வண்டியும் தொந்தியுமாய் வெயிலில் நின்றதைக்
கண்டவர் இரண்டு பேர் பாதையிலேயே இருந்தார்கள்.
அதுவும் இல்லை, அந்தப் பழைய அமைச்சர்.
மூன்று மாதமாய்த் தமிழ் படிக்கிறார்.
கல்லடிக் கூட்டத்தில் "அன்பான சகோதரிகலே" என்றாராம்.
"ளகரம் வந்தால் வேட்பாளர்,
வராவிட்டால் பிரதமர்" என்று
டியூட்டரி வாத்தியார் மிதுலன் சொல்ல
பாதை ஒருபக்கம் சாய்ந்து சிரித்தது.

ஒரு டொக்டர் அம்மாவும் நினைக்கிறாவாம்.
"நினைக்கட்டும்கா" என்றாள் மீன்பெட்டியோடு பூரணிப்பிள்ளை,
"நினைக்கிறத்துக்குக் கட்டுப்பணம் இல்லைத்தானே."
பிறகு ஒள்ளுப்பம் யோசித்து:
"அவ கேக்கமாட்டா.
கேளுங்க எண்டு ஆரும் கேட்டாத்தான் அவ கேப்பா.
மற்றவனுகள் ஆரும் கேக்காமலே கேக்கிறானுகள்."

நடு வாவி.
இறால் கூட்டுத் தடிகளில் நீர்க்காகங்கள்
செட்டை விரித்துக் காயவிட்டிருந்தன.
அங்கேதான் கச்சான் காற்று பிடித்தது.
முன்கயிறு நழுவ
சுருள் தானாகவே உருண்டு விரிந்தது,
மூட்டைகளின் மேல், செருப்புகளின் மேல்,
ஒரு சைக்கிளையும் மூடி.

பச்சை நிறம்.
மூலையில் கட்சியின் அரிக்கன் லாம்பு.
மூன்று மொழியிலும் நாளைய நாடு.
நடுவில் ஆறடி வெள்ளை வட்டம்.
அதற்குள்ளே சின்ன எழுத்தில்
இரவு எனக்காக நானே தட்டி
அழிக்க மறந்த இரண்டு சொல்:
முகம் பிறகு.

பேரின்பராசா எழுத்துக்கூட்டி வாசித்தார்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
எனக்குக் காது சுட்டது,
அமைப்பாளர் கண்டால் கூலி போச்சு.
ஆனால் அவர்கள் வட்டத்தைக்
குனிந்து அளக்கத் தொடங்கிவிட்டார்கள்.
"மருமகனுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை."
"ஜெனரலுக்குத் தொப்பியோட எண்டால் காணாது."
"ரெண்டு காதும் அடங்கவேணும் எண்டு விட்டிருக்கு. பழைய ஆள்தான்."
மிதுலன் பேனையால் ஒரு மீசை கீறப் போக
நான் கையைப் பிடித்தேன்.

மண்டூர்க் கரையில் தட்டு இறங்கியது.
மோட்டார்சைக்கிள்கள் உறுமிப் போயின.
அமைப்பாளரின் போன் வந்தது:
வெல்லாவெளிக்குக் கொண்டுவராதே,
மேலிடத்தில் இன்னும் பேசுகிறார்கள், திரும்பிப் போ.
வந்த கூலியைக் கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

பாதையோட்டி ஞானச்செல்வம் மட்டும்
வழி முழுக்க ஒரு பெயரும் சொல்லவில்லை.
இப்போது வந்து சுருட்ட உதவினார்.
"எலக்சன் முடிஞ்சாப்போல இதை எனக்குத் தா.
போன முறையான் என்ர கூரையில கிடக்கான்.
குறை சொல்லப்படாது, மழைக்கு ஒழுகமாட்டான்.
ஆனா படுத்தா மேலயிருந்து பல்லைக் காட்டுறான்,
மனிசி லைற்றை நூர்த்திட்டுத்தான் உடுப்பு மாத்துறா.
இது வெறும் வட்டம். இப்படியே இருக்கட்டும்."

கயிற்றை வாங்கித் தோணிக்கட்டாய் இறுக்கினார்.
பிறகு சுருளின் நீளத்தைச் சாணால் அளந்து
உதடு அசைய எண்ணி,
"பத்தடி" என்றார்.
"குசினிக்கும் காணும்."