வெள்ளெழுத்து

எல்கோ நகரில் ஒன்பது சலவைக் கடைகள்.
ஒன்பதின் நாணயப் பெட்டிச் சாவியும்
என் இடுப்பில்.
ஆள் போனபின் போவேன்,
கால் டாலர்களைத் துணிப்பையில் கொட்டிக்கொண்டு
வேனுக்கு நடப்பேன்.
பையின் கனம்
நெவாடா முழுக்கக் கேட்கும்.

கோட்டின் வலப்பையில்
ஐந்து குண்டு ரிவால்வர்.
பதினோரு வருடம்.
ஒருமுறைகூட வெளியே எடுத்ததில்லை.

இந்த மார்ச்சில்தான் கவனித்தேன்:
குழல் நுனியில் நிற்கும் குறிமுள்
கரைந்துவிட்டது.
வெள்ளெழுத்து என்றார் கண் மருத்துவர்,
ஏதோ பதவி உயர்வு போல.
கண்ணாடியின் கீழ்ப்பாதியில் முள் தெரிகிறது,
மேல்பாதியில் உலகம்.
இரண்டும் சேர்ந்து தெரிய
நான் இன்னொரு முறை பிறக்க வேண்டும்.

ஆயுதக் கடை ஓர்வில் பெக்ஸ்ட்ராம்
லேசர் பிடி ஒன்றை நீட்டினார்.
"இறுக்கினால் போதும், வெர்னா.
சிவப்புப் புள்ளி எங்கேயோ குண்டும் அங்கே."
வெயிலில்?
"வெயிலில் தெரியாது."
பேட்டரி?
"வருடத்துக்கு ஒரு தடவை. மறந்தால்..."
மீசையைத் தடவிக்கொண்டார்.
முந்நூறு டாலர்.
கழற்றிய ரப்பர் பிடியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்,
ஆபரேஷனில் எடுத்ததைக் கொடுப்பதுபோல.

வீட்டில் குண்டுகளை வெளியே எடுத்து எண்ணினேன். ஐந்து.
மறுபடி எண்ணினேன்.
சுவரை நோக்கி இறுக்கினேன்.
புள்ளி நிற்கவில்லை.
நாட்காட்டிக்குப் போனது, ஆணிக்குப் போனது,
இறங்கித் தரையோரம் அலைந்தது.
என் கை நடுங்கும் என்று
இரும்பு ஒருநாளும் சொன்னதில்லை.
இரும்புக்கு அந்த நாகரிகம் இருந்தது.

அப்போதுதான் பூனை பாய்ந்தது.
புள்ளியை முன்கால் இரண்டாலும் அமுக்கிக்கொண்டு
என்னை நிமிர்ந்து பார்த்தது,
பிடித்துவிட்டேன் பார் என்று.
குழலுக்கு நேரே.

காலித் துப்பாக்கிதான்.
இரண்டு தடவை எண்ணியதுதான்.
மேசையில் வைத்துவிட்டு
வெகு நேரம் கை கழுவினேன்.

பயிற்சித் திடலில் சொல்லித்தந்தது இவ்வளவே:
முள்ளைப் பார், ஆள் மங்கட்டும்.
முள் கூர்மை, ஆள் புகை.
லேசரில் தலைகீழ்.
ஆளைப் பார்க்க வேண்டும்.
சட்டைப் பொத்தானை,
அதன்மேல் புள்ளி ஏறி இறங்குவதை,
அது அவன் மூச்சா என் நடுக்கமா என்று
தெரியாமலிருப்பதை.
விலைச்சீட்டில் இதெல்லாம் இல்லை.

அக்டோபரில் ஒரு செவ்வாய், இரவு பதினொன்றரை.
ஏழாம் எண் உலர்த்திக்குப் பின்னால்
ஏதோ அசைந்தது.
கை பைக்குள் போனது.
விரல்கள் என்னைக் கேட்காமல் இறுகின.

எழுந்து நின்றவனுக்கு இருபது இருக்கும்.
சுரங்கக் கம்பெனி ஜாக்கெட்,
காலில் ஈரச் சாக்ஸ் மட்டும்.
பூட்ஸ் உலர்த்திக்குள் கிடந்தது,
காசு தீர்ந்து, பாதி காய்ந்து.
"மேடம்,
உங்கள் கோட்டில் ஏதோ எரிகிறது."

பையின் அடியில் தையல் விட்ட ஓட்டை.
அதன் வழியே இறங்கிய சிவப்பு
என் சொந்தக் காலணியின் நுனியில்,
பெருவிரல் இருக்குமிடத்தில்,
சற்றும் நடுங்காமல் நின்றது.

போன், என்றேன்.
நம்பினான்.
பையிலிருந்து நான்கு கால் டாலர் எடுத்துப் போட்டேன்.
பூட்ஸ் உருளத் தொடங்கியது, டொம், டொம்.
இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஞாயிறன்று பழைய பிடியை மாட்டினேன்.
மகள் விட்டுப்போன ஆரஞ்சு நகப்பூச்சு,
குப்பியில் பாதி இறுகியது,
குறிமுள்ளின் தலையில் ஒரு துளி.
திடலின் மண்மேட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
மங்கல்தான்.
ஆனால் எங்கே மங்கல் என்று தெரிகிறது.

கோட்டையும் தைத்துவிட்டேன்.
லேசர் பிடி இழுப்பறையில் இருக்கிறது, பேட்டரி தனியே.
விற்கலாம் என்கிறார் ஓர்வில். பார்க்கலாம்.

பூனை மட்டும்
விளக்கு வைக்கிற நேரத்தில்
அந்தச் சுவருக்கு எதிரே போய் உட்கார்கிறது.