டிப்பர் – 26

வேலந்தாவளத்தில் வரிச்சாவடியை மூடிவிட்டார்கள்.
தடுப்புக் கம்பம் மட்டும் பாதி தூக்கியபடி நிற்கிறது.
நூறடி தள்ளி எங்கள் எடைமேடை.
இரவு பத்திலிருந்து ஆறு வரை
நான், ஒரு டேபிள் ஃபேன்,
எம்-சாண்ட் வண்டிகள்,
டிப்பர்.

டிப்பர் நாய். லாரிக்கு அடியில் கிடைத்ததால் அந்தப் பெயர்.
வெள்ளை, குட்டைக்கால், பாதி பொமரேனியன்;
மீதி யாரென்று கேட்டவரில்லை.

மார்கழியில் இருமத் தொடங்கியது.
தொண்டையில் முள் என்றான் கிளீனர் பையன்.
கிரஷர் தூசு என்றார் முதலாளி.
படுத்தால் இருமல்; எழுந்தால் நிற்கும்.
முன்னங்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி
உட்கார்ந்தே தூங்கப் பார்த்தது.

பாலக்காட்டில் டாக்டர் லிஜி
குழாய் வைத்து வெகுநேரம் கேட்டார்,
பிறகு அதை என் காதில் மாட்டினார்.
லப் இல்லை, டப் இல்லை.
ஈரத்துணியை உதறுகிற மாதிரி
உஷ்… உஷ்…

"உள்ள ஒரு கதவு, சரியா அடையல.
முன்னால போற ரத்தம் கொஞ்சம் திரும்பி வருது.
நுரையீரல்ல நீராத் தேங்குது."
எனக்கு அந்தக் கம்பம் நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை.

"சரியாகுமா?"
"மாறில்லா. தள்ளிப்போடலாம்."
மலையாளத்தில் கேட்டதால் குறைவாக வலித்தது,
அல்லது இரண்டு முறை வலித்தது.

எடை எவ்வளவு என்றார்.
அறுபது டன் மேடைக்குக் காவலிருப்பவனுக்குத் தெரியவில்லை.
எங்கள் மேடை இருபது கிலோவுக்குக் கீழே
யாரையும் நம்பாது.
ஏழு கிலோ நானூறு.

இதயம் அழுத்திப் பம்ப் பண்ண ஒன்று,
சாப்பாட்டுக்கு ஒரு மணி முன்னால், இரண்டு வேளை.
நீர் பிரிய ஒன்று; அதனால்
கிண்ணத்தில் தண்ணீர் வற்றக்கூடாது,
மூன்று மணிக்கு வாசலில் நிற்க வேண்டும் நானும்.
பப்படம் கிடையாது. கருவாடு கிடையாது.
என் மிக்சர் பொட்டலத்தை
இப்போது கழிவறையில் வைத்துத் தின்கிறேன்.

"தூங்கும்போது எண்ணுங்க.
நெஞ்சு ஏறி இறங்கினா ஒண்ணு.
நிமிஷத்துக்கு முப்பதைத் தாண்டிட்டே இருந்தா
எந்நேரமானாலும் கூப்பிடுங்க."

இருபத்தி நாலு.
இருபத்தி ஏழு.
ஹாரனில் தொலைந்த ஒரு எண்ணிக்கை.
இருபத்தைந்து.

மாசியில் ஒருநாள் நாற்பத்தாறு.
இன்னொரு முறை எண்ணினேன். நாற்பத்தாறு.
தூக்கக் குரலில் டாக்டர்: "ஈறு என்ன நிறம்?"
டார்ச் அடித்தேன். வெளிறல்தான், ஊதா இல்லை.
"நீர் மாத்திரை இன்னொண்ணு இப்பவே.
ஒரு மணி நேரத்தில் குறையலேன்னா வண்டியில ஏத்துங்க."

மேடையில் ஆறு வண்டி வரிசை.
திட்டுகள் இரண்டு மொழியில்.
நான் தரையில் உட்கார்ந்திருந்தேன்,
ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டு.
டிப்பர் என்னைப் பார்க்கவில்லை;
மூச்சு அதற்கு முழுநேர வேலை.

முப்பத்தெட்டு.
வாசலுக்குப் போய், நெடுநேரம் காலைத் தூக்கி நின்று வந்தது.
முப்பத்தொன்று.
ஆழியாற்றுப் பால்வண்டி போகும் நேரம்
ஒருக்களித்து, கால் நீட்டிப் படுத்தது.
இருபத்தாறு.

சனிக்கிழமை முதலாளி லெட்ஜரைத் திருப்பினார்.
"டிப்பர், இருபத்தாறு. வண்டி நம்பர் எங்க?"
கையெழுத்து என்னுடையதுதான்.
"மேல ஒரு வரி, டிப்பர், நாப்பத்தாறு. அடிச்சிருக்கே?"
"ஓவர்லோடுங்க. கொஞ்சம் இறக்கிட்டு வந்தாங்க."
"காசு?"

என் பையிலிருந்து நூறு ரூபாயை எடுத்து
டிராவில் போட்டேன்.
மேசைக்கடியில் யாரோ ஒருமுறை இருமினார்கள்.